தூங்கா நகரில் ஓர் இரவுணவு

கொழும்பிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். கொடுக்கும் சிற்றுண்டியைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் தரையிறங்கப் போவதாக அறிவித்துவிடுவார்கள். அப்படியிருக்க, கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து 460 கிலோமீற்றர் தூரத்தைக் காரில் கடந்து மதுரைக்குப் போனோம் என்றால் கேட்பவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். காரணம் எளியது. ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பன் சென்னையில் இறங்கினான். சென்னையில் பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவர் தமது காரையும் தம்மையும் தருவதாகச் சொன்னார். மூவரும் ஒன்றாகப் பேசிக்கொண்டு போவதற்குக் காரைவிட உகந்த இடம் கிடையாது. விமானத்தில் பேச முடியாது. வீட்டில் பேச விடமாட்டார்கள்.

பதிப்பாளர் மதுரையில் செல்லூரில் பிறந்து வளர்ந்தவர். சென்னையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரும் 'ஊர்' என்று அவர் சொன்னால் அது மதுரைதான். அதிகாலை நாலரைக்குக் கிளம்பும்போதே ஒரு சட்டம் விதித்தார்: வழியில் எவரும் எதுவும் சாப்பிடக் கூடாது. "பசியோட வந்தாத்தாண்ணே மதுரைக்கு மரியாதை" என்றார். ரொறன்ரோ நண்பன் நீரிழிவு நோயாளி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அவனுக்குக் கை நடுங்கும். ஆகவே திண்டிவனத்தைத் தாண்டியதும் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு இட்லி, ஒரு கோப்பி. பதிப்பாளர் எங்களுடன் உட்காராமல் காரின் அருகிலேயே நின்றுகொண்டார். இன்னோர் ஊரின் இட்லியைத் தின்பது கற்புக்கு இழுக்கு என்பது போன்ற முகபாவத்துடன்.

நாற்கரச் சாலையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எங்கு பார்த்தாலும் ஒன்றே போல இருப்பதுதான் அதன் இயல்பு. உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் எல்லாம் பச்சை நிறப் பலகைகளாகவே வந்து போயின. திருச்சியில் காவிரியைக் கடக்கும்போது மட்டும் வேகத்தைக் குறைத்து, மலைக்கோட்டையைப் பார்த்தோம். விராலிமலையில் வீதியோரமாக இரண்டு மயில்கள் நின்றன. பிறகு துவரங்குறிச்சி, மேலூர். மேலூரைத் தாண்டியதும், படுத்திருக்கும் யானையைப் போன்ற யானைமலை தெரிகிறது. அதைக் கண்டால் மதுரை வந்துவிட்டது என்று பொருள். அதே வீதியில்தான் 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இருக்கிறது. அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கும்.

நானும் ரொறன்ரோ நண்பனும் மன்னாரில் ஒன்றாகப் படித்தவர்கள். மன்னாரில் எங்கள் தந்தையர் காலத்தவர்களுக்கு மதுரை அந்நிய ஊராக இருக்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறினால் அக்கரையில் தனுஷ்கோடி. அங்கே காத்திருக்கும் ரயிலில் ஏறினால் மதுரைப் பக்கம். 1964ஆம் ஆண்டு டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போனது. போர் தொடங்கியதோடு அதுவும் நின்றது. என் தந்தையார் இளைஞராக இருந்தபோது மதுரைக்குப் போய், தங்கம் திரையரங்கில் படம் பார்த்துவிட்டு, அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை வாங்கிக்கொண்டு வந்ததைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1952இல் 'பராசக்தி' படத்துடன் திறக்கப்பட்ட அந்தத் திரையரங்கு ஆசியாவிலேயே பெரியது என்று பேசப்பட்டது. இப்போது அது இல்லை. அது நின்ற இடத்தில் துணிக்கடை இருக்கிறது. பதிப்பாளர் அந்த இடத்தைக் காட்டியபோது இறங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

சாப்பாடு, கோயில் எல்லாம் உண்மைதான். ஆனால் நாங்கள் மதுரைக்குப் போனது முதன்மையாக ஒருவனைப் பார்ப்பதற்காக. எங்களோடு மன்னாரில் உயர்தரம் வரை படித்தவன். அவனுக்குக் கணக்கன் என்று பெயர் வைத்திருந்தோம். கணக்கில் புலி என்று ஆசிரியர் சொல்வார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்ல முடிந்தது. பின்னர் எங்கள் நாட்டில் அந்தச் சொல்லை எல்லோரும் கவனமாகவே பயன்படுத்தினார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் கணக்கன் தாயுடனும் தங்கையுடனும் பேசாலையிலிருந்து படகேறினான். இராமேஸ்வரம், மண்டபம், பிறகு மதுரை மாவட்டத்தில் ஒரு முகாம். ரொறன்ரோ நண்பன் அடுத்த ஆண்டு கனடா போனான். நான் பல்கலைக்கழகத்துக்கும் பின்னர் பத்திரிகைக்கும் போனேன். கனடா போனவன் சில ஆண்டுகளில் அந்நாட்டுக் குடிமகனானான். நான் பிறந்த நாட்டின் குடிமகனாகவே இருந்துவிட்டேன். கணக்கன் முப்பத்தைந்து ஆண்டுகளாக அகதி.

என் பையில் அவனுக்காக மூன்று பொருட்கள் இருந்தன. ஒரு குட்டான் பனங்கட்டி, பேசாலைக் கருவாடு, அவனுடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி. மூன்றாவதுதான் அவன் கேட்டது.

விளக்குத்தூண் அருகில் மாலை ஆறு மணிக்கு நின்றான். தலை நரைத்துவிட்டது. விரல் நகங்களின் ஓரத்தில் வெள்ளை வர்ணம் ஒட்டியிருந்தது. தமிழக முகாம்களில் வாழும் நம்மவர்களில் பலருக்கு வர்ணம் பூசுவதுதான் தொழில். கணக்கனும் அதையே செய்கிறான். என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "சுகமா இருக்கிறியாடா?" என்று மன்னார்த் தமிழில் கேட்டுவிட்டு, அடுத்த கணமே கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, நாலு ஜிகர்தண்டா, ஒன்னுல சீனி கம்மியா" என்றான். இரவு முழுவதும் இப்படித்தான். எங்களிடம் 'ஓம்', மற்றவர்களிடம் 'ஆமா'. ஒரு தடவைகூட மாறவில்லை.

ஜிகர்தண்டா என்பது சுண்டக் காய்ச்சிய பால், கடற்பாசி, நன்னாரிச் சாறு, மேலே ஐஸ்கிரீம். எங்கள் ஊர் பலூடாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். ஆனால் பாலின் அடர்த்தியில் இதுவே மூத்தது. சீனியைக் குறைக்க வழியில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ரொறன்ரோ நண்பன் குடித்தான். பணத்தை எடுக்க நாங்கள் மூவரும் சட்டைப் பைகளைத் தடவுவதற்குள் கணக்கன் கொடுத்துவிட்டான். "இது என்ர ஊர்" என்றான். பதிப்பாளர் அதை மறுக்கவில்லை.

மதுரை சாப்பாட்டு ஊரானதற்குப் புராணத்திலேயே ஆதாரம் உண்டு. மீனாட்சி கல்யாணத்தில் விருந்து மிஞ்சிவிட்டது. இவ்வளவையும் சாப்பிட ஆள் இல்லையே என்று அம்மைக்கு ஒரு பெருமிதம். சோமசுந்தரர் குண்டோதரன் என்ற பூதத்தை அனுப்பினார். அவன் சமைத்ததையெல்லாம் தின்று, சமைக்காத அரிசியையும் தின்று, பசி தீராமல் அலறினான். அன்னக்குழிகள் தோன்றிப் பசியைத் தீர்த்தன. பின்னர் தாகம். அதற்காக ஓர் ஆற்றை வரவழைத்து, 'வை கை' என்றார் இறைவன். அதுதான் வைகை என்கிறது திருவிளையாடல். ஒரு பெருந்தீனிக்காரனின் விக்கலுக்காக ஆறு பிறந்த ஊர் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. நாங்கள் பார்த்தபோது ஆற்றில் நீர் ஒரு கயிற்றளவுதான் ஓடியது. குண்டோதரன் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறான் என்றார் பதிப்பாளர்.

இன்னொரு கதை நம்மவர்களுக்கு நெருக்கமானது. வைகை பெருக்கெடுத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரையை அடைக்க வேண்டும் என்று அரச கட்டளை. பிட்டு அவித்து விற்கும் வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. இறைவனே கூலியாளாக வந்தார். கூலி, உதிர்ந்த பிட்டு. தின்றுவிட்டு வேலை செய்யாமல் படுத்ததற்காகப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அடி எல்லோர் முதுகிலும் விழுந்தது. யாழ்ப்பாணத்தானும் மன்னாரானும் மட்டக்களப்பானும் பிட்டுக்காக எதையும் சுமப்பான் என்பதால் இந்தக் கதையில் எங்களுக்கு ஐயமே எழுந்ததில்லை. ஆனால் அன்றிரவு மதுரையில் நாங்கள் ஏறி இறங்கிய கடை எதிலும் பிட்டு இல்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

இருந்தவை வேறு. சிம்மக்கல்லில் கோனார் கடையில் கறி தோசை. தடித்த தோசையின் மேல் முட்டையும் கொத்திய ஆட்டுக்கறியும் பரப்பி, திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். ஒன்று தின்றால் போதும் என்று தோன்றும். இரண்டாவது தானாகவே வரும். பின்னர் ஒரு பரோட்டாக் கடை. இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றிக் குளிப்பாட்டி, ஊறவிட்டுத் தின்பது அங்குள்ள முறை. பக்கத்து மேசையில் ஒருவர் எங்கள் இலையைப் பார்த்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்கண்ணே, காஞ்சு கெடக்கு" என்று தாமாகவே சொன்னார். முன்பின் அறியாத ஒருவனின் இலை காய்ந்திருப்பது அந்த ஊரில் பொதுப் பிரச்சினை.

கல்லின் மேல் இரும்புத் தகடுகள் தாளமிடும் சத்தம் கேட்டபோது ரொறன்ரோ நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கொத்துப் பரோட்டாவா, கொத்து ரொட்டியா என்ற வழக்கு அங்கே தொடங்கியது. எங்கள் கொத்தில் மெல்லிய ரொட்டி, லீக்ஸ், கரட், வெட்டும்போது உதிர்ந்து நிற்கும். மதுரைக் கொத்தில் அடுக்கடுக்கான பரோட்டா, வெங்காயம், முட்டை, சால்னா எல்லாம் சேர்ந்து குழைந்து வரும். எது மூத்தது என்பதை நான் தீர்க்கப் போவதில்லை. தாளம் எங்களுடையது நன்று, ஈரம் அவர்களுடையது நன்று என்று ஒரு பத்திரிகையாளனுக்குரிய நடுநிலையுடன் தீர்ப்புச் சொன்னேன். இரு தரப்பும் ஏற்கவில்லை. கணக்கன் மட்டும், "கொழும்புக் கொத்து நான் தின்னவே இல்லையே" என்றான். இருபது வயதில் நாட்டை விட்டவன், அதற்கு முன் கொழும்பைக் கண்டதில்லை. வழக்கு அத்துடன் முடிந்தது.

நடந்துகொண்டே போனோம். அந்த ஊரைக் கணக்கன் காட்டிய விதம் பயண நூல்களில் இராது. "அந்த மஞ்சள் மாடி ரெண்டு தரம் நான் அடிச்சது. இந்தப் பள்ளிக்கூடம் உள்ளுக்கு மட்டும். அந்தக் கல்யாண மண்டபத்துக்கு ஏழு பேர் பதினொரு நாள்." புதுநத்தம் வீதியில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் உட்சுவர் வேலைக்குப் போயிருக்கிறான். யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நாங்கள் பதினொரு வயதுச் சிறுவர்கள். 1981 ஜனவரியில் இதே மதுரையில் ஐந்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாகலமாக நடந்தது. ஐந்து மாதங்களில், மே மாத இறுதியில் தொடங்கிய வன்முறையில், எங்கள் நூலகம் ஏறக்குறைய 97 ஆயிரம் நூல்களுடன் எரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய மாநாடு 1974இல் யாழ்ப்பாணத்தில் உயிரிழப்புகளுடன் முடிந்தது. தமுக்கத்தைக் கடக்கும்போது நான் இவற்றைச் சொல்லத் தொடங்கினேன். ரொறன்ரோ நண்பன், "பேப்பரிலை எழுதுறதை இங்கை கதையாதை" என்றான். அவன் சொன்னது சரியே. இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட பேரகராதியைத் தொகுத்தவர் யாழ்ப்பாணத்து கு. கதிரைவேற்பிள்ளை. அவர் 1904இல் காலமானார். முதற்பகுதி 1910இல் மதுரையில் அச்சானது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் சொற்கள் தடையின்றிப் போய்வந்த காலம் அது.

நள்ளிரவுக்குப் பின் ஓர் இட்லிக் கடை வாசலில் உட்கார்ந்தோம். பருத்திப்பால் விற்பவர் மிதிவண்டியுடன் நின்றார். சுக்கும் கருப்பட்டியும் மணக்க அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் உறையை எடுத்துக் கொடுத்தேன். கணக்கன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். பெயர், பிறந்த திகதி, தந்தையின் பெயர் என்று விரலை வைத்து வாசித்தான்.

அவனுடைய மகள் 2001இல் மதுரை அரசு மருத்துவமனையில் பிறந்தவள். வணிகவியலில் பட்டம் பெற்று, ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். தந்தையின் கணக்கு அவளுக்கு வந்திருக்கிறது. இந்தியச் சட்டத்தின்படி 1987 ஜூலை முதலாம் திகதிக்கு முன்னர் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதன் பின்னர் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணொருவருக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கும்படி, நான் மேலே சொன்ன அந்த மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அந்தப் பெண் 2024 தேர்தலில் வாக்களித்த செய்தி எங்கள் பத்திரிகைகளிலும் வந்தது. கணக்கனின் மகள் பதினான்கு ஆண்டுகள் பிந்திப் பிறந்துவிட்டாள். 2019இல் இந்தியா திருத்திய குடியுரிமைச் சட்டத்திலும் இலங்கை இல்லை. மறுபக்கத்தில், வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைக் குடிமகளாகப் பதிய வேண்டுமானால் தந்தையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதுதான் இந்த உறை.

"அப்ப பதிஞ்சுபோட்டு ஊருக்கு வாவன்" என்றான் ரொறன்ரோ நண்பன். கனடாவில் இருப்பவர்களுக்கு மன்னாருக்குத் திரும்புவது பற்றி எப்போதும் தெளிவான கருத்து இருக்கும்.

கணக்கன் என்னைப் பார்த்தான். "போன முறை ஒரு வயசாளி திரும்பிப் போனவராம், பலாலியிலை பிடிச்சவங்களாம். உண்மையோ?"

உண்மைதான். 2025 மே மாதத்தில், ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் உதவியுடன் திரும்பிய முதியவர் ஒருவர், அந்தக் காலத்தில் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறியதற்காக யாழ்ப்பாண விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். கண்டனங்கள் எழுந்தன, விளக்கங்கள் வந்தன. குண்டுக்குப் பயந்து படகேறியவன் குடிவரவு அதிகாரியிடம் முத்திரை குத்திக்கொண்டா ஏறியிருப்பான் என்று நானும் எழுதினேன். அதைக் கணக்கனுக்குச் சொன்னேன். "நீ எழுதினது அவங்கள் வாசிச்சவங்களோ?" என்று சிரித்தான்.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போக விரும்பினோம். முடியாது. முகாமுக்குள் வெளியார் போக அனுமதி வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இருவருக்கு அது ஒரு நாளில் கிடைக்கக்கூடியதல்ல. 2021இல் தமிழக அரசு இவற்றை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, புதிய வீடுகளுக்கும் நிதி ஒதுக்கியது. அதற்கு முன்னைய தகரக் கொட்டில்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் பெறுமதி தெரியும். கதவின் முறை மட்டும் மாறவில்லை. ஆகவே கணக்கன் வேறு ஏற்பாடு செய்திருந்தான். முகாமிலிருந்து சற்றுத் தள்ளி, மேலூர் வீதியைப் பார்த்தபடி ஒரு புளியமரம். அதன் கீழ் அவனும் மனைவியும் மகளும் நின்றார்கள். மனைவியின் கையில் நான்கு அடுக்குத் தூக்குச்சட்டி.

திறந்தார்கள். பிட்டு. ரேஷன் அரிசியை இடித்து வறுத்த மாவில், பனையோலையில் தானே இழைத்த நீத்துப்பெட்டியில் அவித்தது. அடுத்த தட்டில் கத்தரிக்காய்ப் பால்கறி, அடுத்ததில் சொதி, கடைசித் தட்டில் முதல் நாள் இரவு நான் கொடுத்த கருவாடு பொரித்தபடி. காரின் முன்பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, நின்றுகொண்டே சாப்பிட்டோம். வீட்டில் இருத்திச் சோறு போட முடியவில்லையே என்று அந்தத் தங்கச்சி இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல விடாமல் பதிப்பாளர், "அக்கா, இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினார். திண்டிவனத்தில் இட்லியைத் தொடாத மனிதர், மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

மகள் பனங்கட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம கருப்பட்டி மாதிரிதான் இருக்கு" என்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "மன்னார்ல நைட்டு கடை இருக்குமா அங்கிள்?"

எட்டு எட்டரைக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள் என்று உள்ளதைச் சொன்னேன்.

"அப்புறம் பசிச்சா?"

"வீட்டிலை பாண் இருக்கும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும், தந்தையின் கையிலிருந்த உறையைக் காட்டி, "இதக் குடுத்து நான் பதிஞ்சுட்டா, அப்புறம் 'ஒனக்குத்தான் நாடு இருக்கே, கெளம்பு'ன்னு சொல்லிற மாட்டாங்களா?" என்று கேட்டாள். சட்டம் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன் என்றேன். கேட்டேன். மூவரிடம் கேட்டேன். மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றையும் அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பத்து மணிக்குக் கணக்கன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான். அன்று முகாமில் கணக்கெடுப்பு. குடும்ப அட்டையில் உள்ள எல்லோரும் நேரில் நிற்க வேண்டும். பெயர் விடுபட்டால் உதவித்தொகையும் அரிசியும் நின்றுபோகும். தூக்குச்சட்டியைக் கழுவக்கூட விடாமல் வாங்கிக்கொண்டு மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். உறையை மகள் மடியில் வைத்திருந்தாள்.

காரில் கொட்டாம்பட்டி வரை எவரும் பேசவில்லை. பிறகு பதிப்பாளர், அந்தக் கத்தரிக்காய்க் கறிக்கு முதற்பாலை எப்போது விடுவது என்று கேட்டு எழுதியிருக்கலாமே என்றார். கணக்கனின் எண்ணுக்கு அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பதினொன்றே கால். வரிசையில் நின்றிருப்பார்கள்.